சின்னம்மைப் பக்கு தானாக உதிரட்டும்

கேள்வி: சின்னம்மை வந்து இன்று பத்தாம் நாள். கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. முகத்தில் தழும்பு விழாமலிருக்க என்ன செய்யலாம்?

பத்தாம் நாள் என்றால் காய்ச்சல் அடங்கி அரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். மணிக்கொரு தரம் கண்ணாடி பார்க்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கு தானாக விழும்வரை அதன்மேல் நகமோ துண்டோ உரசக்கூடாது. அடியில் புதுத்தோல் மூடியதும் அதுவே உதிரும். முன்னதாகப் பிய்ந்தால் அந்த இடம் குழியாக நின்றுவிடலாம்.

எனக்கு வந்தது 2013 மார்ச்சில், இருபத்தாறு வயதில். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சந்தலை, வாய்க்குள், கண்ணிமை என்று ஓரிடம் விடாமல் போட்டிருந்தது. அம்மா வந்து கரூருக்கு அழைத்துப் போனார். வாசலில் வேப்பிலை செருகி, வெள்ளை வேட்டி விரித்துப் படுக்கவைத்து, இளநீர் கொடுத்து, "கை வைக்காதே கண்ணு, நான் தடவி விடுகிறேன்" என்று இரவெல்லாம் வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே இருந்தார். என் முதுகில் இன்று ஒரு வடுகூடக் கிடையாது. என் நகம் அங்கே போகவிடாமல் காத்தது அம்மாவின் அந்தக் கைதான்.

முகம்தான் கெட்டது. ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பெரியம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து முகத்தில் கனமாக அப்பிவிட்டார். விழுது காய்ந்து பக்கோடு இறுகிக்கொண்டது. தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. ஈரத்துண்டால் தேய்த்தேன். யாரும் தேய்க்கச் சொல்லவில்லை, நானேதான் தேய்த்தேன். நெற்றியில் இரண்டு, மூக்கோரம் ஒன்று, இடக்கன்னத்தில் ஒன்று என நான்கு பக்குகள் துண்டோடு வந்தன. அந்த நான்கும் இன்றும் குழிகளாக இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு மரபைப் பழிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கரூர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பம் ஆற்றுக்குப் போகும் நாளில் நான் ஊரில் இல்லாமல் இருந்ததில்லை. வேப்பிலை வருடலை முழுமனதோடு சொல்கிறேன். ஆறாத புண்ணின்மேல் கனமாக எதையும் அப்பாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பவர்களுக்கு: போனேன், ஆனால் ஐந்தாம் நாள். கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள், வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும் என்றார். அதற்குள் நான்கு நாட்கள் ஓடிவிட்டிருந்தன.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தூக்கத்தில் கை தானாகப் போகும், பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிக்கலாம். துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அரிப்புக்குக் கலமைன் லோஷன் தடவலாம். தூங்கவே முடியவில்லை என்றால் டாக்டர் அரிப்புக்கு மாத்திரை தருவார். பக்கு வறண்டு தோலை இழுத்தால் மெல்லியதாக வாசலின் போதும். ஏதாவது ஓரிடம் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால், அல்லது அடங்கிய காய்ச்சல் திரும்பினால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சீழ் வைத்த புண் ஆழமான வடுவை விட்டுப் போகும்.

பக்கு விழுந்த இடத்தில் கருமை இருக்கும். அதைத் தழும்பு என்று எண்ணிக் கலங்க வேண்டாம். என் கரும்புள்ளிகள் அந்தத் தீபாவளிக்குள் மறைந்துவிட்டன. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், குடை இரண்டும் வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'தழும்பு கிரீம்' வேண்டவே வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகத்தோல் மெலிந்து சிவந்து போகும். குழி விழுந்துவிட்டால் கிரீம் அதை நிரப்பாது. தோல் மருத்துவரிடம் லேசர் போன்ற சிகிச்சைகள் உண்டு. அவையும் குறைக்குமே தவிர முழுதாக அழிக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பத்து ஆண்டுகளாக மனதில் கிடக்கிறது. 2014இல் என் கல்யாண ஆல்பம் வந்தபோது அதில் இருந்தது என் முகம் இல்லை. என்னைக் கேட்காமல் குழிகளை அழித்து, நிறத்தையும் இரண்டு மடங்கு வெளுப்பாக்கியிருந்தார்கள். எடுத்தபடியே வேண்டும் என்றேன். "எல்லாப் பொண்ணுக்கும் இப்படித்தான் செய்கிறோம் மேடம், யாரும் குறை சொன்னதில்லை" என்றார் ஸ்டூடியோக்காரர். அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கியிருந்தார். அந்த ஆல்பத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

2024இல் என் மகளுக்கு வந்தது, ஏழு வயது. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லாததால் பணம் கட்டி முதல் ஊசி போட்டிருந்தோம், இரண்டாவதைத் தவறவிட்டுவிட்டேன். ஆனாலும் முப்பது கொப்புளங்களுக்குமேல் வரவில்லை. அம்மாவும் நானும் முறைவைத்து வருடினோம். காலையில் தலையணை உறையில் உதிர்ந்து கிடக்கும் பக்குகளை அவளே எண்ணுவாள். கடைசியாகப் புருவத்துக்கு மேலிருந்தது பதினெட்டாம் நாள் விழுந்தது. வலப்புருவமா இடப்புருவமா என்று இப்போது தேடினால் எனக்குத் தெரியவில்லை.