பி.டி. மாஸ்டர் பதில்கள்

கேள்வி: சார், பள்ளி ஃபுட்பால் டீமில் பேக் ஆடுகிறேன். கோல் போடுகிறவனுக்குத்தான் கைதட்டல். மெல்போர்னில் இருக்கும் என் மாமா, அங்கே ஆடுகிற வேறு மாதிரி ஃபுட்பாலில் மேத்யூ ஸ்கார்லெட் என்ற பேக்கைத் தெரியாதவர்கள் கிடையாது என்கிறார். நிஜமா?
– பிளஸ் ஒன் மாணவர், காட்பாடி

நிஜம்தான் தம்பி. மாமா சொல்வது ஆஸ்திரேலிய ஃபுட்பால். அதில் ஜீலாங் கிளப்பின் ஃபுல் பேக் அவர், அதாவது கோல் கம்பங்களுக்கு முன்னால் கடைசியாக நின்று தடுக்கிறவர். அப்பா ஜானும் அதே கிளப்புக்கு ஆடியவர். மகன் 1998 முதல் 2012 வரை 284 ஆட்டம் ஆடினார். ஒவ்வொரு வருஷமும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி அறிவிக்கும் அகில ஆஸ்திரேலிய அணிக்கு 6 முறை தேர்வானார். 2007, 2009, 2011 என்று 3 முறை ஜீலாங்கோடு லீக் கோப்பை வென்றார்.

இதையெல்லாம் விட, 2009 இறுதி ஆட்டத்தைத்தான் உன் மாமா சொல்லியிருப்பார். எதிரே செயின்ட் கில்டா. முடியப் போகிற நேரம், புள்ளி சமம். மைதானத்தின் நடுவில் பந்து துள்ளி வருகிறது. முட்டை வடிவப் பந்து, எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. குனிந்து எடுத்தால் எதிராளி அமுக்கிவிடுவான். ஸ்கார்லெட் குனியவே இல்லை. ஓடுகிற வேகத்திலேயே கால் நுனியால் ஒரு தட்டு! பந்து கேரி ஏப்லெட்டிடம் போனது. அவர் தூக்கி உதைக்க, அப்புறம் பால் சாப்மன் கோல் போட்டார். ஜீலாங் 12 புள்ளியில் ஜெயித்தது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் சாப்மனுக்கு, அது நியாயம்தான். ஆனாலும் ஊர் இன்றுவரை பேசுவது அந்தத் தட்டை.

ஒரு ஃபுல் பேக் மைதான நடுவில் ஏன் நின்றார் என்று யோசி. நேதாஜி ஸ்டேடியத்தில் என்னிடம் பயிற்சி எடுத்த பசங்களுக்கு நான் ஓயாமல் சொன்னது இதுதான்: உன் ஆளைப் பிடித்துக்கொண்டே நிற்பது பாதி வேலை. எப்போது அவனை விட்டுவிட்டுப் பந்துக்குப் போக வேண்டும் என்று தெரிவது மீதிப் பாதி. அந்த முடிவை எடுக்க உனக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது.

அவருடைய கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. 2012 தொடக்கத்தில் எதிரணி வீரர் ஒருவரைக் குத்திவிட்டுத் தடை வாங்கினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் செய்யக் கூடாத காரியம்.

கேள்வி: ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் கோல் கீப்பரே கிடையாதாமே?
– வாசகி, குடியாத்தம்

கிடையாதும்மா. 4 கம்பங்கள் நிற்கும். நடு இடைவெளியில் உதைத்தால் 6 புள்ளி, ஓர இடைவெளி என்றால் 1. தடுக்கிறவர்களே பந்தைத் தங்கள் பக்கத்துக் கோல் கோட்டைத் தாண்டித் தள்ளிவிட்டு, எதிரணிக்கு 6-க்குப் பதில் 1 புள்ளி மட்டும் கொடுத்துத் தப்பிக்கவும் வழி உண்டு. 2008 இறுதி ஆட்டத்தில் ஜீலாங்குக்கு எதிராக ஹாதார்ன் அணி 11 முறை இப்படிச் செய்து ஜெயித்தது. நெருக்கடி இல்லாதபோது வேண்டுமென்றே தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று 2009-ல் விதியே வந்துவிட்டது. நல்ல விதி. அதற்கப்புறம் பின்னால் நிற்பவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தே ஆக வேண்டியதாயிற்று.