சூப் டம்ப்ளிங் கடையில் பில் ஏறும் வழிகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கடைத்தொகுதியில் பெயர்பெற்ற சூப் டம்ப்ளிங் (உள்ளே சூடான சூப் இருக்கும் சீனக் கொழுக்கட்டை) கடைக்குக் குடும்பத்தோடு போனோம். பட்டியல் விலைப்படி 68 வெள்ளிக்குத்தான் ஆர்டர் செய்தோம். பில் வந்தபோது 87 வெள்ளி 53 காசு. உட்கார்ந்ததுமே ஒரு தட்டுக் கடலையும் நாலு ஈரத்தாளும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், நாங்கள் கேட்கவில்லை. இது முறையா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: கணக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய பில்லில் கடலை 3 வெள்ளி, ஈரத்தாள் தலைக்கு 50 காசு. ஆக மொத்தம் 73. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 7.30 சேர்ந்து 80.30. அந்த 80.30-க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி போட்டால் 87.53. கூட்டலில் பிழை இல்லை.

பலரும் 10-ஐயும் 9-ஐயும் கூட்டி 19 என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டு என்பதால் உண்மையில் ஏறுவது 19.9. பட்டியல் விலையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு ஆர்டர் செய்தால் பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியிருக்காது.

சிங்கப்பூரில் பொதுவாக விலையை வரியோடு சேர்த்தே காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் இதில் விலக்கு. அவர்களும், காட்டிய விலைக்கு மேல் இரண்டும் உண்டு என்பதைக் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதன் பொருள் இதுதான். சேவைக் கட்டணத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அது கடை வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஆனால் எழுதிவைத்திருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டபின் தரமாட்டேன் என்று வாதாடுவது எடுபடாது. பரிமாறியவருக்குப் போய்ச் சேரும் அன்பளிப்பு என்றும் நினைக்க வேண்டாம். அது கடையின் வருமானம்.

கடலையும் ஈரத்தாளும் வேறு கதை. கேட்காமல் வைத்ததைத் தொடாமல் "வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும், பில்லில் வராது. அதை முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். உறையைக் கிழித்துக் கை துடைத்தபிறகு சொல்லிப் பயனில்லை. 5 வெள்ளிச் சாமான், சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து 6 வெள்ளியாகிவிடுகிறது பாருங்கள். டீ வேண்டுமா என்று கேட்கும்போதும் தலைக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். திருப்பிக் கொடுத்த பொருளுக்கும் பணம் வாங்கினால் பில்லை வைத்துக்கொண்டு பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் செய்யலாம்.

கேள்வி: என் மாமியார் சுத்த சைவம். கணவர் பன்றி இறைச்சி மட்டும் தொடமாட்டார். பட்டியலில் கோழி சியாவ்லோங்பாவ் (சூப் டம்ப்ளிங்) என்று இருந்ததால் அவருக்கு அதை வாங்கினேன், அத்தைக்குக் காய்கறி டம்ப்ளிங். அப்புறம், கோழி டம்ப்ளிங்கின் சூப்பிலும் பன்றி இருக்கலாம் என்று தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு உறுத்துகிறது. (செங்காங் வாசகி)

பதில்: தோழி சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்தச் சூப்பை யாரும் உள்ளே ஊற்றுவதில்லை. பன்றித் தோலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றைக் குளிரவைப்பது பழைய முறை. தோலிலுள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறிச் சாறு கட்டியாக உறைந்துவிடும். அதைப் பொடியாக நறுக்கிக் கொத்திய இறைச்சியோடு பிசைந்து மாவில் மடிக்கிறார்கள். ஆவியில் வேகும்போது அது உருகிச் சூப்பாகிறது.

பட்டியலில் "கோழி" என்று போட்டிருப்பது கொத்திய இறைச்சியைப் பற்றித்தான் இருக்கலாம். சூப்புக்கான ஜெல்லி பன்றித் தோலில் செய்ததாக இருக்கக்கூடும். கோழிச் சாறாகவே இருந்தாலும், அதை உறையவைக்கப் போட்ட ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்ற கேள்வி பாக்கி. எனவே "இதில் பன்றி இருக்கிறதா?" என்று கேட்டால் பரிமாறுபவர் பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். "சூப் ஜெல்லி எதில் செய்தது?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் சமையலறையில் விசாரித்துவந்து சொல்வார். "பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை" என்று அட்டை வைத்த கடைக்கும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் பெற்ற கடைக்கும் வேறுபாடு உண்டு. முதலாவது கடைக்காரர் தரும் வாக்கு. இரண்டாவதில் பொருள் வரும் வழியையும் சமையலறையையும் வெளியார் சோதிக்கிறார்கள்.

அத்தைக்கு வாங்கிய காய்கறி டம்ப்ளிங்கில் சூப் இல்லாமல், உள்ளே முட்டைக்கோஸும் காளானும் கண்ணாடிச் சேமியாவும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. முட்டையையும் சிப்பிச் சாற்றையும் மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்க உணவுகளில்தான் ஏமாறுவோம். பச்சையாக, அப்பாவியாக வரும் பீன்ஸ் வதக்கலின் அடியில் கொத்திய பன்றி இறைச்சி கிடக்கும். காங்கோங் கீரையில் இறால் விழுதான பிளாச்சான் இருக்கும். கடைசியில் இனிப்பாக வரும் சிவப்புப் பயறு வைத்து ஆவியில் வேகவைத்த பன்னான பாவில்கூடப் பயற்றை வதக்கப் பன்றிக்கொழுப்பு போடும் வழக்கம் சீனச் சமையலில் உண்டு. ஒரே ஆவிக்கூடை அடுக்கில் எல்லாம் வேகிறதே என்று அத்தை நினைப்பவரானால், அவரை வேறு கடைக்கு அழைத்துப்போங்கள். அந்தக் கடையால் அவருக்கு நிம்மதி தர முடியாது.

கேள்வி: கூடையில் பத்து டம்ப்ளிங். மூன்று கிழிந்து சூப் எல்லாம் அடியில் ஓடிவிட்டது. மாற்றித் தரச் சொல்லலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: எப்போது கிழிந்தது என்பதைப் பொறுத்தது. மூடியைத் திறந்த கணத்திலேயே சூப் கூடையில் கிடந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சூப் இல்லாத சூப் டம்ப்ளிங்குக்கு விலை கேட்க முடியாது, மாற்றித் தருவதுதான் நியாயம். நல்ல கடைகள் மறுப்பதில்லை.

படம் எடுத்து, பேசி, பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்து, பிறகு எடுக்கும்போது கிழிந்தால் கடையைச் சொல்லிக் குற்றமில்லை. தைவானில் பிறந்த டின் தாய் ஃபங் உணவகம் தன் டம்ப்ளிங்குக்கு வைத்திருக்கும் அளவு இது: மாவு 5 கிராம், உள்ளீடு 16 கிராம், மடிப்பு 18. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துத்தான் மடிக்கிறார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்றாலே பார்க்கலாம். 5 கிராம் மாவு 16 கிராம் இறைச்சியையும் சூப்பையும் தாங்கி நிற்கிறது. ஆறினால் அது கூடைத் துணியோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும்.

சாப்ஸ்டிக்கால் வயிற்றைப் பிடிக்காதீர்கள். உச்சியில் மடிப்புகள் சேரும் முடிச்சைப் பிடித்துத் தூக்கிக் கரண்டியில் இறக்குங்கள். ஓரத்தில் சின்னதாக ஓட்டை போட்டுச் சூப்பைக் கரண்டியில் வழியவிட்டு உறிஞ்சிவிட்டு, இஞ்சித் துருவலோடு மீதியை வாயில் போடலாம். தொட்டுக்கொள்ள மூன்று பங்கு கறுப்பு வினிகர், ஒரு பங்கு சோயா. முழுசாக வாயில் போட்டுக் கடித்தால் நாக்கு வெந்துவிடும். பிள்ளைகளுக்கு நீங்களே ஓட்டை போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: வரிசையில் நிற்க நேரமில்லை. வீட்டுக்கே வரவழைத்தால் என்ன? (பிடோக் வாசகர்)

பதில்: முட்டைச் சோறு, நூடல்ஸ், வெள்ளரிக்காய் எல்லாம் வரவழையுங்கள். சூப் டம்ப்ளிங் வேண்டாம். வழியில் மாவுத் தோல் சூப்பைக் குடித்து ஊறிவிடும்.

கேள்வி: டிசம்பரில் தைப்பே போகிறோம். டின் தாய் ஃபங் பிறந்த ஊரிலேயே சாப்பிட ஆசை. அங்கும் 20 விழுக்காடு ஏறுமா? (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: ஏறாது. தைவானில் 5 விழுக்காட்டு வரி காட்டிய விலைக்குள்ளேயே அடங்கிவிடும், மேலே 10 விழுக்காடு சேவைக் கட்டணம் மட்டும்தான். 1958-இல் யாங் பிங்-யி தொடங்கியபோது அது சமையல் எண்ணெய்க் கடை. எண்ணெய் வியாபாரம் படுத்தபின் 1972 வாக்கில் டம்ப்ளிங் பக்கம் திரும்பினார். 2003-இல் பாரகன் கடைத்தொகுதியில் திறந்ததுதான் சிங்கப்பூரின் முதல் கிளை.

சுவையில் தலைகீழ் வித்தியாசத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எங்கே சாப்பிட்டாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தத் தராசு. தைப்பே 101 கோபுரத்திலுள்ள கிளையில் கூட்டம் நெரியும். போனதும் எண் சீட்டு வாங்கிக்கொண்டு, காத்திருப்பு நேரத்தைப் பலகையில் பார்த்துவிட்டு, மதியமும் இல்லாத மாலையும் இல்லாத மூன்று மணி வாக்கில் சாப்பிடத் திட்டமிடுங்கள்.

பில்லைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். தைவானில் கடை ரசீதே அரசாங்கக் குலுக்கல் சீட்டு. ஒற்றைப்படை மாதங்களின் 25-ஆம் தேதி எண்களை அறிவிக்கிறார்கள். முதல் பரிசு எண்களில் ஒன்றின் கடைசி மூன்று இலக்கம் பொருந்தினாலே 200 தைவான் டாலர். நவம்பர், டிசம்பர் ரசீதுகளுக்கான குலுக்கல் ஜனவரி 25-இல்தான். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள் என்பதால், அங்கேயே இருக்கும் யாரிடமாவது ரசீதைக் கொடுத்துவிட்டு வந்தால் அவர்களுக்காவது உதவும்.