இரவில் புரண்டு படுக்க: கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் தரும் பதில்கள்.

உப்புவெளி, ஆண், 66 வயது: பகலில ஒரு பிரச்சினையும் இல்லை, சைக்கிளும் ஓடுறன். இரவில மற்றப் பக்கம் திரும்பேக்க நாரி கொளுவிப் பிடிக்குது. மனிசி எழும்பித் தள்ளிவிட வேண்டிக் கிடக்கு.

பதில்: ஐயா, நீங்கள் தோளை முதலில் திருப்புகிறீர்கள், இடுப்பு மெத்தையிலேயே கிடக்கிறது. முறுக்கு முழுவதும் நாரியில் விழுகிறது. தோளும் இடுப்பும் சேர்ந்து போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இடப்பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்றால் முதலில் வலப்பக்கம் ஒதுங்குங்கள். அநேகம் பேர் இதைச் செய்வதில்லை. ஒதுங்காமல் திரும்பினால் கட்டில் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பு திரும்பாது.

மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு முழங்காலாக மடித்துப் பாதத்தை ஊன்றுங்கள். பாதத்தை அழுத்தி, இடுப்பை இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் கிளப்பி, ஒரு 10 சென்றிமீற்றர் வலப்பக்கமாக வையுங்கள். தோளையும் தலையையும் அதே நேருக்குக் கொண்டுவாருங்கள். இனி முகத்தை இடப்பக்கம் திருப்பி, இரண்டு கையையும் கோத்து முகட்டை நோக்கி நீட்டுங்கள். மூச்சை விட்டபடியே கையையும் முழங்காலையும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் சாய விடுங்கள். மடித்த காலின் பாரமே இடுப்பை இழுத்துக்கொண்டு போகும். மூச்சை அடக்கினால் வயிறும் முதுகும் இறுகி, பிடிப்புக் கூடும்.

படுக்கப் போகுமுன் முழங்காலை மடித்து வைத்து இரு பக்கமும் 10 தடவை மெதுவாக ஆட்டுங்கள். நாரி வலியோடு இருக்கைப் பகுதி மரத்துப்போனாலோ, சலம் போவது தெரியாமல் போனாலோ, கால் பலம் குறைந்தாலோ இதெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

அதே ஐயா: இடுப்பு கிளம்புது, ஆனால் திரும்பக் குழிக்குள்ளேயே விழுறன்.

பதில்: அப்படியென்றால் பிழை மெத்தையில். பெற்சீற்றை எடுத்துவிட்டு, ஒரு நேரான தடியை மெத்தையின் குறுக்கே வையுங்கள். நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் நீங்கள் இரவு முழுக்க மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்பொஞ்ச் மெத்தை என்றால் தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். இலவம்பஞ்சு என்றால் வெயிலில் போட்டு அடித்து, பஞ்சைப் பரவுங்கள். கட்டில் சட்டம் தொய்ந்திருந்தால் மெத்தைக்குக் கீழே அரை அங்குல பிளைவூட் பலகை. வெறும் பலகையில் மட்டும் படுக்க வேண்டாம். தோளும் இடுப்பெலும்பும் நொந்து, இன்னும் அடிக்கடி திரும்ப வேண்டிவரும்.

மூதூர், பெண்: அப்பாவுக்கு பார்க்கின்சன். இரவு இரண்டு மூன்று மணிக்கு மரம் மாதிரிக் கிடக்கிறார். சாட்டின் விரிக்கச் சொல்லுகினம், உண்மையா?

பதில்: உண்மைதான், வழுவழுப்பான துணியில் உடம்பு இலகுவாகத் திரும்பும். ஆனால் கட்டில் முழுக்க விரித்தால் வில்லங்கம். குதிக்கால் வழுக்கினால் எதை உதைத்துத் திரும்புவது? தோளிலிருந்து நடுத்தொடை வரைக்கும் மட்டும், ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத் துண்டைக் குறுக்கே போட்டு, இரு கரையையும் மெத்தைக்குக் கீழே இறுக்கிச் செருகுங்கள். காலடியில் பருத்திச் சீற்றே இருக்கட்டும். சாட்டின் விரிப்பும் வழுக்குகிற பைஜாமாவும் ஒன்றாக வேண்டாம், விளிம்பில் இருந்து எழும்பும்போது சறுக்கி விழுவார். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வேர்வையில் சாறனும் சீற்றும் தோலோடு ஒட்டி, திரும்ப விடாது. காற்றாடியை உடம்புப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

பார்க்கின்சனில் உடம்பு தானாகத் தொடங்காது. ஆகவே அவரையே வாய்விட்டுச் சொல்லவையுங்கள்: "முழங்கால், ஒதுங்கு, கை, திரும்பு." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அசைவு. அந்த நேரத்து விறைப்பு பெரும்பாலும் மாலை மருந்தின் வேகம் இறங்கியதால் வருவது. எத்தனை மணிக்குக் குளிசை, எத்தனை மணிக்கு விறைப்பு என்று ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதி கிளினிக்கில் காட்டுங்கள். நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கிண்ணியா, ஆண்: வாப்பாவுக்குப் பாரிசவாதம், வலப்பக்கம் ஏலாது. கையப் புடிச்சுத் திருப்பினாக் கத்துறார்.

பதில்: தம்பி, அந்தக் கையை இனி இழுக்கவே வேண்டாம். தசை தளர்ந்த தோள் மூட்டு விலகக்கூடியது. ஒருமுறை நொந்தால் மாதக்கணக்கில் ஆளை வதைக்கும். இடப்பக்கம் திருப்புவதென்றால் நீங்கள் இடப்பக்கம் நில்லுங்கள். ஏலாத வலது முழங்காலை மடித்து ஊன்றுங்கள். ஏலுமான கையால் ஏலாத கையைக் கோத்துப் பிடித்து அவரே உயர்த்தட்டும். உங்கள் ஒரு கை அவரது வலது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், மற்றது வலது இடுப்பில். எண்ணிக்கொண்டு உங்களை நோக்கி உருட்டுங்கள். திரும்பியதும் ஏலாத கையை முன்னால் ஒரு தலையணையில் வைத்துவிடுங்கள்.

மேலே நகர்த்த வேண்டுமென்றால் அக்குளைப் பிடித்து இழுக்கக்கூடாது. தோல் சீற்றில் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகரும். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்குகிறது. பழைய நைலோன் சீலை ஒன்றை இரண்டாக மடித்து உடம்புக்குக் கீழே போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் சுருட்டிப் பிடித்து நகர்த்துங்கள். முடிந்ததும் உருவி எடுத்துவிட வேண்டும். தானாகத் திரும்ப ஏலாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். முழுப் பக்கவாட்டு வேண்டாம், முதுகுக்குத் தலையணை அணைத்துப் பாதிச் சரிவு போதும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. வால் எலும்பையும் குதிக்காலையும் புறங்கையால் தொட்டு, சூடோ தடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். வளைய வடிவக் குஷன் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை நசுக்கும்.

தம்பலகாமம், பெண், 32 கிழமை கர்ப்பம்: திரும்பேக்க அடிவயிற்று எலும்பு கிழியிற மாதிரி நோகுது.

பதில்: தங்கச்சி, ஒரு காலை மட்டும் முதலில் தூக்கிப் போடுவதால்தான் அந்த நோவு. முழங்கால்களுக்கு இடையே தலையணையை வைத்து இறுக்கிக்கொண்டு, இரண்டு காலையும் ஒன்றாகவே திருப்புங்கள். 28 கிழமைக்குப் பிறகு பக்கவாட்டில் படுத்து நித்திரைக்குப் போவது நல்லது. இடையில் மல்லாந்து கிடந்தபடி விழித்தால் பயப்பட ஒன்றுமில்லை, பக்கம் திரும்பிப் படுத்துவிடுங்கள். நடக்கவே ஏலாத அளவுக்கு நோவு என்றால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

நிலாவெளி, பெண்: வலப்பக்கம் திரும்பினா அறையே சுத்துது, கொஞ்ச நேரத்தில நிக்குது.

பதில்: ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதென்றால் பெரும்பாலும் உட்காதுக்குள் இருக்கும் நுண்ணிய துகள் இடம் மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பி அதைச் சரிசெய்ய முடியும். காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். பேச்சுக் குழறல், முகக் கோணல், இரட்டைப் பார்வை சேர்ந்து வந்தால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி.

திருகோணமலை நகர், ஆண்: அம்மா திரும்பேக்க நுளம்பு வலையில சிக்குப்படுறா. வலையக் கழட்டிடலாமா?

பதில்: கழட்ட வேண்டாம், இரவில் நுளம்புக்கடியிலிருந்து காப்பது அதுதான். ஒற்றைக் கட்டிலுக்கு இரட்டைக் கட்டில் வலையைக் கட்டுங்கள். ஒற்றை ஆணியில் கூம்பாகத் தொங்குவதை விட நான்கு மூலையிலும் கட்டும் வலை முழங்கைக்கு இடம் விடும். மிச்சத்தை மெத்தைக்குக் கீழே செருகுங்கள், உடம்பு வலையோடு முட்டினால் நுளம்பு வெளியிலிருந்தே கடிக்கும். போர்வையைக் கால்மாட்டில் செருக வேண்டாம். பாதம் மாட்டினால் முழங்கால் மடியாது.