தொட்டியில் விழுந்த குழந்தை

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் தோமியே அரசனையும் வக்கீல்களையும்கூடக் கேலி செய்தவர்தானே? பெண் எழுத்தாளர்களைப் பற்றிய அவருடைய படங்களை மட்டும் சென்ற இதழில் கண்டித்திருந்தீர்கள். நகைச்சுவையை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: தோமியேயின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. லூயி பிலிப் மன்னரை, மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் பெருவயிற்றுப் பூதமாக வரைந்து, அதற்காக 1832இல் சிறைக்குப் போனவர் அவர். அந்தப் படத்தையும், 1844இல் 'லெ ஷாரிவாரி' நாளேட்டில் 'நீலக் காலுறைகள்' என்ற தலைப்பில் வந்த 40 கல்லச்சுப் படங்களையும் ஒரே தராசில் நிறுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நீலக் காலுறை என்பது எழுத்தில் ஈடுபட்ட பெண்களுக்கு இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்த பட்டப்பெயர். 1835ஆம் ஆண்டுச் சட்டங்கள் அரசியல் கேலிச்சித்திரங்களுக்குத் தணிக்கையைக் கொண்டுவந்த பின், அரசனைத் தொட முடியாமல்போன அந்த ஏடு குடும்பங்களின் பக்கம் திரும்பியது. அங்கே அகப்பட்டவர்களில் எழுதும் பெண்ணும் ஒருத்தி.

அந்த வரிசையின் ஏழாவது படத்தைப் பாருங்கள். தாய் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். குழந்தை குளியல் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. தாய் படைப்பின் நெருப்பில் இருக்கிறாள், பிள்ளை தொட்டித் தண்ணீரில் இருக்கிறது என்கிறது கீழேயுள்ள வாசகம். அவள் எழுதுவது என்ன, அது நன்றாக இருக்கிறதா என்ற பேச்சே இல்லை. பிள்ளையின் தகப்பன் எங்கே போனான் என்று கேட்பாரும் இல்லை. 1839இல் வந்த இன்னொரு படத்தில், தையல் விட்ட காற்சட்டைக்காக மனைவியிடம் சீறும் கணவன், ஜார்ஜ் சாண்ட் என்ற ஆண்பெயரில் எழுதிய பெண் நாவலாசிரியரின் எழுத்துதான் பெண்களைத் தைக்கவிடாமல் கெடுக்கிறது என்றும், விவாகரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் அந்த எழுத்தாளரை ஒழிக்க வேண்டும் என்றும் சொல்கிறான். கணவனுக்கு மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று 1804ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு அது. அவன் சம்மதமில்லாமல் அவளால் சொத்து வாங்கவோ விற்கவோ முடியாது. 1816இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்ட விவாகரத்து 1884இல்தான் திரும்பி வந்தது. அரசனுக்கும் வக்கீலுக்கும் கையில் அதிகாரம் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு இருந்தது ஒரு பேனா.

படங்களின் கீழுள்ள வாசகங்களைப் பெரும்பாலும் ஏட்டிலிருந்த மற்றவர்களே எழுதினார்கள் என்பதால், பழி முழுவதையும் தோமியே தலையில் சுமத்துவது நியாயமில்லை. வரிசையின் முதல் படத்தில், ஒல்லியான ஒரு பெண் கண்ணாடி முன் நின்று, மேதைமைக்கு ஆண் பெண் என்ற பேதம் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அவள் சொல்வதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.