புத்தாண்டுத் தீர்மானம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பழக்கத்தை மாற்ற நினைப்பவர்களோடு குழுவாக உட்கார்ந்து வேலை செய்யும் உளவியல் ஆலோசகர் நான். இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே கேள்விகள் குவியும், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். தெரிந்ததை விரிவாகச் சொல்வேன். என் துறைக்கு வெளியே இருந்தால் யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: மேடம், ஒவ்வொரு வருடமும் பத்துத் தீர்மானம் எழுதுகிறேன். பிப்ரவரியில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. தீர்மானம் எடுப்பதே வீண் வேலையா?

பதில்: வீண் இல்லை. இதைச் சும்மா ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஜான் நார்கிராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களையும், அதே மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களையும் ஆறு மாதம் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தார்கள். ஆறு மாத முடிவில் தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் தாக்குப் பிடித்திருந்தார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம்தான். அவரவர் வாயால் சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் வித்தியாசம் பெரியது.

அதே நார்கிராஸ் 1980களில் 200 பேரை இரண்டு வருடம் தொடர்ந்திருக்கிறார். முதல் வாரம் முடியும்போது 77 சதவீதம் பேர் தீர்மானத்தில் இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து 19 சதவீதம். ஆக, பாதியில் விடுவது உங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

உங்கள் கேள்வியில் என்னைத் தொந்தரவு செய்வது அந்தப் பத்து. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மீதி ஒன்பதைத் தனித்தாளில் எழுதி எடுத்து வையுங்கள், அவை எங்கும் ஓடிவிடாது.

அப்புறம், இதை எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். குழுவில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இலக்கு பெரிதாக இருந்ததால் விழவில்லை. ஒரு நாள் விட்டுப்போனதும், "சரி, போயே போச்சு, இனி என்ன இருக்கிறது" என்று முழுவதையும் கைவிட்டதால் விழுந்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் பீட்டர் ஹெர்மன், ஜேனட் பொலிவி என்ற இரு ஆய்வாளர்கள் இதே போக்கைக் கண்டு அதற்குப் பெயரே வைத்தார்கள். ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் அன்றைய கட்டுப்பாடு மொத்தமும் போய்விடும். ஆகவே இலக்கை எழுதும் அதே தாளில் விட்டுப்போன நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: "ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே நேரத்தில் பாதி அளவாவது செய்வேன்." இதை இப்போதே, தெளிவான மனதோடு இருக்கும்போதே எழுத வேண்டும். விட்டுப்போன அன்று இரவு இப்படி எழுத யாருக்கும் மனம் வராது.

கேள்வி: 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த எண் அது. முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புதிய முகத்துக்குப் பழக "குறைந்தது" சுமார் 21 நாள் ஆகிறது என்று அவர் தன் அனுபவத்தில் கண்டதை எழுதினார். காலப்போக்கில் "குறைந்தது" உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது.

இதை முறையாக அளந்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் குழுவினரும். 2010இல் அச்சில் வந்த ஆய்வு அது. 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு 12 வாரம் செய்தார்கள். யோசிக்காமல் தானாகவே செய்யும் நிலைக்கு வர நடுவில் நிற்கும் ஆளுக்கு 66 நாள். ஆனால் 18 நாளில் வந்தவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டவரும் உண்டு. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கம் சீக்கிரம் ஒட்டும், உடற்பயிற்சிக்கு நேரம் பிடிக்கும்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. ஒரே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்டுப்போன நாளைப் பற்றி மேலே சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இலக்குகளைக் குறித்துவைக்க எந்தச் செயலி நல்லது?

பதில்: தினமும் கண்ணில் படும் காலண்டரும் ஒரு பேனாவும் போதும்.

கேள்வி: செல்போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். "இரவில் போன் தொடமாட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பதில்: திருப்பி எழுதுங்கள். சுவீடனில் 1,066 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளியானது. "இதைச் செய்வேன்" என்று தீர்மானம் எடுத்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் வருட முடிவில் தாங்கள் வென்றதாகச் சொன்னார்கள். "இதைச் செய்யமாட்டேன்" என்று எடுத்தவர்களில் சுமார் 47 சதவீதம்.

"தொடமாட்டேன்" என்றால் கை என்னதான் செய்யும்? அதற்கு ஒரு வேலை கொடுங்கள். "சாப்பிட்டுத் தட்டு கழுவியதும் போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, கட்டிலில் இருக்கும் புத்தகத்தை எடுப்பேன்." எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் இதில் இருப்பதைப் பாருங்கள். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்ற வடிவம் பீட்டர் கோல்விட்ஸர் பல வருடம் ஆராய்ந்த விஷயம். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வெறும் விருப்பத்தைவிட இப்படி எழுதுவது கணிசமாக உதவுகிறது என்று காட்டினார்கள். கடிகார நேரத்தைவிட ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது நல்லது. ஒன்பது மணி நம்மை அறியாமல் கடந்துவிடும். தட்டு கழுவாமல் நாள் முடியாது.

கேள்வி: 21 நாளா 40 நாளா, எது சரி?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் இல்லை.

கேள்வி: (எழுத வேண்டும் என்று ஆசைப்படுபவர்) இலக்கை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் நடக்காது என்கிறார்களே?

பதில்: அதில் விஷயம் இருக்கிறது. அதே கோல்விட்ஸர் குழு 2009இல் வெளியிட்ட சோதனைகளில், ஒருவர் தன் எண்ணத்தை எழுதி அதை இன்னொருவர் படித்துக் கவனித்துக்கொண்டால், அவர் அதற்கான உழைப்பைக் குறைத்துக்கொண்டார். குறிப்பாக, "நான் இப்படிப்பட்ட ஆள்" என்ற அடையாளம் சார்ந்த இலக்குகளில். மற்றவர் நம்மை அப்படிப் பார்க்க ஆரம்பித்ததுமே பாதி அடைந்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. நாவல் எழுதப் போகிறேன் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: (ஓட்டக்காரர்) மன்னிக்கவும் மேடம், இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் ஊரெல்லாம் சொல்லித்தான் முதல் மாரத்தான் ஓடினேன். சொல்லாமல் இருந்திருந்தால் பாதியில் நின்றிருப்பேன்.

பதில்: உங்கள் பக்கமும் சான்று உண்டு. முன்னேற்றத்தைக் கண்காணிப்பது பற்றிய 138 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 20,000 பேரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2016இல் எழுதினார்கள்: முன்னேற்றத்தை எழுதிவைத்தாலோ மற்றவருக்குத் தெரியும்படி சொன்னாலோ பலன் இன்னும் கூடுகிறது.

எழுத ஆசைப்படுபவர்: அப்படியென்றால் எதை நம்புவது? என் அனுபவம் சொல்கிறேன். போன வருடம் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் வாழ்த்தினார்கள். எழுத்தாளரே என்று கூப்பிட்டார்கள். மூன்று பக்கத்தோடு நின்றுவிட்டது.

ஓட்டக்காரர்: வாழ்த்தியவர்களில் ஒருவராவது "இன்று எத்தனை பக்கம்?" என்று கேட்டார்களா? என்னோடு ஓடிய நண்பர் தினமும் "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார்.

பதில்: இருவரும் சேர்ந்து நான் அவசரத்தில் விட்டதைப் பிடித்துவிட்டீர்கள். "சொல்லாதீர்கள்" என்று மேலே ஒரே போடாகப் போட்டது தவறு, திருத்திக்கொள்கிறேன். "நான் ஆகப் போகிறேன்" என்று சொல்வது வேறு, "இன்று இவ்வளவு செய்தேன்" என்று சொல்வது வேறு. முதலாவதுக்கு வாழ்த்து வரும், அதோடு கதை முடிந்துவிடும். இரண்டாவதுக்கு நாளைக்கும் கேள்வி வரும். ஆக, பத்துப் பேருக்கு அறிவிப்பதைவிட, வாரம் ஒருமுறை கணக்குக் கேட்கும் ஒரே ஆளைத் தேடுங்கள்.

ஓட்டக்காரர்: ஆனாலும் அறிவிப்பு இல்லாமல் நான் ஆரம்பித்தே இருக்கமாட்டேன்.

பதில்: நீங்கள் தேதி குறித்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தீர்கள் அல்லவா? 42.195 கிலோமீட்டரை வெறும் பேச்சால் கடக்க முடியாது, அந்த நாளும் வந்தே தீரும். நாவலுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. எழுத நினைப்பவர் நம்பகமான வாசகர் ஒருவரிடம் "இந்தத் தேதியில் முதல் அத்தியாயம் தருகிறேன்" என்று ஒப்புக்கொள்ளட்டும். அந்த அறிவிப்பை நான் தடுக்கமாட்டேன். கொடுக்கும் நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

எழுத ஆசைப்படுபவர்: கேட்டுவிட்டேன். மார்ச் முதல் வாரம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டார்.

பதில்: மிக்க மகிழ்ச்சி.

கேள்வி: நாங்கள் நண்பர்களோடு இரவு முழுக்க விழித்திருந்து கொண்டாடுவோம். ஆனால் ஒன்றாம் தேதி காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி ஆரம்பிக்கத் திட்டம். கொண்டாட்டத்தை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். நள்ளிரவு எண்ணிக்கையை நண்பர்களோடு சேர்ந்து கத்துவதும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வதும் வீணான நேரம் என்று நினைக்கும் அளவுக்கு எந்த இலக்கும் உயர்ந்ததில்லை. நடையைத்தான் தள்ளிப் போட வேண்டும். தூங்காத இரவுக்குப் பிறகு விடியற்காலையில் ஆரம்பிக்கத் திட்டமிட்டால் முதல் நாளே விட்டுப்போன நாளாகிவிடும்.

ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் காட்டியது இது: புதுத் தொடக்கத்துக்கான உந்துதல் வருடப் பிறப்பில் மட்டும் வருவதில்லை, வாரத் தொடக்கத்திலும் மாதத் தொடக்கத்திலும்கூட வருகிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கையிலேயே அது தெரிந்தது. ஆகவே ஒன்றாம் தேதி நன்றாகத் தூங்குங்கள். அடுத்து வரும் திங்கட்கிழமை நடக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: இலக்கை எழுதிவைத்த 3 சதவீதம் மாணவர்கள் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள் என்று யேல் பல்கலைக்கழகம் 1953இல் ஆய்வு செய்ததாமே?

பதில்: அப்படி ஒரு ஆய்வு நடக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்திலேயே தேடிப் பார்த்து, நடந்ததற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எழுதிவைப்பது நல்லதுதான், அதற்குப் பொய்க்கதை தேவையில்லை.

கேள்வி: பல வருடமாகத் தினமும் அதிகமாகக் குடிக்கிறேன். ஒன்றாம் தேதியோடு அடியோடு நிறுத்தப் போகிறேன். மன உறுதிக்கு ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அளவில் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை, உடல் பழகிவிட்டதால் வருவது. மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பது மிக நல்ல முடிவு. தேதியை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: 21 நாளில் பழக்கம் வருமா?

பதில்: வராது. கேட்பதற்கு முன் மேலே உள்ள பதில்களை ஒருமுறை படியுங்கள், அதற்காகத்தான் அவ்வளவு நேரம் எடுத்து எழுதினேன்.

கேள்வி: இந்த வருடம் என் அம்மா இறந்துவிட்டார். எல்லோரும் கொண்டாட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இலக்கு ஏதாவது வைத்துக்கொள், மனம் மாறும் என்கிறார்கள்.

பதில்: நீங்கள் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். போகத் தோன்றினால் அரை மணி நேரம் போய் வாருங்கள். தோன்றாவிட்டால் அம்மாவைத் தெரிந்த ஒருவரோடு அன்று இரவு பேசிக்கொண்டிருங்கள். வருடம் மாறும் இரவில் அவர் இல்லாத முதல் வருடம் தொடங்குகிறது என்ற எண்ணம் கனக்கும், அது இயல்பு. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மட்டும் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

கேள்வி: (கல்லூரி மாணவி) அக்கா, காலையிலிருந்து எல்லாப் பதிலையும் படித்தேன். ஏழு தீர்மானத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். "கல்லூரியிலிருந்து வந்து பையை வைத்ததும், ஒரு மணி நேரம் பிரெஞ்சு படிப்பேன். ஞாயிறுதோறும் எத்தனை நாள் படித்தேன் என்று அண்ணனிடம் சொல்வேன்." சரியாக இருக்கிறதா?

பதில்: மிக நன்றாக வந்திருக்கிறது. பையை வைத்ததும் என்ற முடிச்சு அருமை, அண்ணனிடம் கணக்குச் சொல்வதும் சரி. இரண்டு திருத்தம். ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாக்குங்கள், களைத்து வரும் நாளிலும் முடிய வேண்டும். அப்புறம், விட்டுப்போன நாளுக்கான வரி இதில் இல்லை. அதைச் சேர்த்து எழுதி மறுபடி அனுப்புங்கள், இன்று இரவுக்குள் பார்த்துச் சொல்கிறேன்.