வெளிநாட்டில் ஒருவர் காணாமல் போனால்: தூதரகத்திடம் எதைக் கேட்கலாம்?

தூதரகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

என் அண்ணனிடமிருந்து மூன்று நாட்களாகத் தகவல் இல்லை. தூதரகம் ஆள் அனுப்பித் தேடுமா?

தேடாது. அந்த மண்ணில் விசாரணை நடத்தும் அதிகாரம் அந்நாட்டுக் காவல் துறைக்கே உண்டு. தூதரக உறவுகள் குறித்த 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 55ஆம் பிரிவு, உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று தூதரக அதிகாரியைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அவர் மருத்துவமனைகளிலும் தடுப்புக் காவல் மையங்களிலும் விசாரிக்கலாம், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் பட்டியல் தரலாம், காவல் துறையிடம் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விடாமல் கேட்கலாம். இந்தக் கடைசி வேலையை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதன்மையானது. அதிகாரி வாரந்தோறும் கேட்கும் கோப்பு அலமாரியில் கிடக்காது.

தூதரகத்துக்கு எழுதிவிட்டோம். சொந்த ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம், இன்றே. காணாமல் போனவருக்காக இன்டர்போல் வெளியிடும் மஞ்சள் அறிவிக்கையைக் குடும்பம் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. காவல் துறை, நாட்டுக்கொன்றாக உள்ள இன்டர்போல் தேசிய மையத்தின் வழியாகக் கோர வேண்டும். புகாரே இல்லையென்றால் அந்தக் கோரிக்கை எங்கிருந்து கிளம்பும்?

குடும்பத்தில் ஒருவர் மட்டும் பொறுப்பேற்றுப் பேசுங்கள். ஐந்து உறவினர்கள் ஐந்து விதமாகச் சொன்னால் அதிகாரி எதை நம்புவார்? பாஸ்போர்ட் நகல், அண்மைய படம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம், உட்கொள்ளும் மருந்துகள், கடைசிச் செய்தி வந்த நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அது எந்த நாட்டு நேரம் என்றும் குறிப்பிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வங்கி அட்டையை அவசரப்பட்டு முடக்க வேண்டாம். அது எங்கே பயன்படுத்தப்படுகிறது என்பதே தடயமாகலாம். முதலில் காவல் துறையைக் கேளுங்கள்.

தங்கை உயிருடன் இருப்பதாகச் சொல்கிறார்கள், முகவரி தர மறுக்கிறார்கள். இது என்ன நியாயம்?

உங்கள் கோபம் புரிகிறது, அம்மா. ஆனால் வயது வந்தவர் சம்மதிக்காமல் அவர் இருப்பிடத்தைச் சொல்லக் கூடாது என்பதே பொதுவான நடைமுறை. வீட்டுக் கொடுமைக்கு அஞ்சி ஓடி வந்தவரையும் இதே நடைமுறைதான் காக்கிறது. ஒரு கடிதம் கொடுத்து அவரிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

சிறையில் இருந்தால் தூதரகத்துக்குத் தானாகத் தகவல் வந்துவிடும் அல்லவா?

வராமலும் போகலாம். அதே வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவின்படி, தன் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று கைதானவரிடம் அதிகாரிகள் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொண்டால்தான் தூதரகத்துக்குத் தெரிவிக்கும் கடமை எழுகிறது. சில நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் மட்டும் கைதி கேட்காமலே தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. சொல்லாமலே விட்ட வழக்குகளும் உண்டு: லாகிராண்ட் வழக்கில் ஜெர்மானியச் சகோதரர்களிடம் அமெரிக்கா உரிய காலத்தில் இதைச் சொல்லவில்லை, அது ஒப்பந்த மீறல் என்று பன்னாட்டு நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. ஆகவே தூதரகமே எழுத்து மூலம் விசாரிக்கும்படி கேளுங்கள். பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும், தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறி வரும் வடிவங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

அவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமையும் உண்டு.

அப்படியானால் கை கட்டப்பட்டது போலத்தான். அவரைத் தன் குடிமகனாக மட்டுமே கருதி, அந்த நாடு தூதரகத்தை ஒதுக்கிவிடலாம். இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

போர் நடக்கும் இடம். எங்கள் தூதரகத்தையே மூடிவிட்டார்கள்.

வேறொரு நாட்டின் தூதரகம் உங்கள் நாட்டின் சார்பில் பணியாற்றுகிறதா என்று உங்கள் வெளியுறவு அமைச்சகத்தைக் கேளுங்கள். கூடவே உங்கள் நாட்டின் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தில் தேடல் விண்ணப்பம் கொடுங்கள். போரில் பிரிந்தவர்களைத் தேடுவதற்கென்றே பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு ஜெனீவாவில் மையத் தேடல் முகமை நடத்துகிறது. கட்டணம் இல்லை.

பணம் அனுப்பினால் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்று ஒருவர் அழைக்கிறார்.

அனுப்ப வேண்டாம். காணாமல் போனவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, அழைப்பு வந்த எண்ணைக் காவல் துறையிடம் கொடுங்கள்.

மரபணு மாதிரி கேட்கிறார்கள். இறந்துவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டார்களா?

இல்லை. அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிட்டு, அவர் அல்ல என்று விலக்கவும் அது தேவை. முகத்தையோ உடையையோ பார்த்துச் சொல்வதை, உடல்களை அடையாளம் காணும் துறையினர் போதுமானதாகக் கொள்வதில்லை. கைரேகை, பல் பதிவு, மரபணு ஆகியவற்றையே நம்புகிறார்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் மாதிரி தரலாம். 2021 முதல் இன்டர்போலின் ஐ-ஃபமிலியா தரவுத்தளம் உறவினர் மரபணுவை நாடு கடந்து ஒப்பிடுகிறது. பல் மருத்துவரிடமிருந்து எக்ஸ்ரே வாங்கி வையுங்கள். வீட்டில் அவர் பயன்படுத்திய பல் துலக்கியும் சீப்பும் இருந்தால் கழுவாமல், உலர்ந்த பின் தனித்தனிக் காகித உறையில் இடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.