ஸ்டிக்கருக்கு அடியில் பழைய தேதி: நாய்க்கு வாங்கிய தீவனத்துக்கு வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஐந்து வயது. எங்கள் ஊர் பெட் ஷாப் ஒன்றில் 10 கிலோ ட்ரை ஃபுட் பை ஒன்றை 'ஆஃபர்' என்று சொல்லி 2,100 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அச்சிட்ட விலை 3,200. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'டாக் ஃபுட் 2,100' என்று எழுதிக் கொடுத்தார்கள். பணம் ஜிபேயில் போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து மணி சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தான், ஈறு மஞ்சளாகிவிட்டது. ஈரல் பாதிப்பு என்று டாக்டர் நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றினார். செலவு 11,400 ரூபாய். பிழைத்துக்கொண்டான். அப்புறம் என் மகள் பையில் இருந்த ஆஃபர் ஸ்டிக்கரை நகத்தால் கீறி எடுத்துப் பார்த்தபோது அடியில் தயாரித்த மாதமும் 'பெஸ்ட் பிஃபோர்' மாதமும் இருந்தன. நாங்கள் வாங்கும்போதே அது முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. கடைக்காரர், "பெஸ்ட் பிஃபோர்னா எக்ஸ்பைரி இல்ல சார், ட்ரை ஃபுட்தானே, மிச்சத்தைத் தெரு நாய்க்குப் போட்டுடுங்க" என்கிறார். நான் என்ன செய்யலாம்? உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, முதலில் மிச்சமிருக்கும் தீவனத்தைப் பற்றி. அதைத் தெரு நாய்க்குப் போடாதீர்கள், குப்பை வண்டியிலும் போடாதீர்கள். உங்கள் வழக்கே அந்தப் பைதான். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒருவர் என்னிடம் வந்தார். கடைக்காரர் மேல் இருந்த கோபத்தில் பையை அன்றைக்கே தூக்கி எறிந்திருந்தார். கையில் இருந்தது மங்கலான ஒரு போட்டோ மட்டும். அந்த வழக்கில் எங்களால் ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. அந்த நாய் செத்தும் போயிருந்தது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பையின் வாயை மடித்துக் கட்டி, அதைப் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தில் தேதி போட்டு நீங்களும் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிரித்தெடுத்த ஸ்டிக்கரை மகள் வைத்திருந்தால் அது பொக்கிஷம், தனிக் கவரில் போட்டு வையுங்கள். மூடுவதற்கு முன் தேதி, பேட்ச் எண், ஸ்டிக்கரின் பசை படிந்த தடம் எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023) 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டி வரும்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெஸ்ட் பிஃபோர் என்பதும் எக்ஸ்பைரி என்பதும் ஒன்றல்ல. சொன்னபடி வைத்திருந்தால் இந்த மாதம் வரை சுவை, சத்து, மணம் குறையாது என்று தயாரிப்பாளர் தரும் வாக்குதான் பெஸ்ட் பிஃபோர். மறுநாளே அது விஷமாகிவிடாது. ட்ரை ஃபுட்டில் உருண்டைகளின் மேல் கொழுப்பு பூசியிருப்பார்கள். நாளாக ஆக அது காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், வைட்டமின்களும் குறையும். ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்பது வேறு விஷயம். மக்காச்சோளம் போன்ற தானியத்தில் பூஞ்சை பிடிப்பதால் வருவது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அப்படியொரு தீவனத்தால் நாய்கள் கூட்டமாகச் செத்து, அந்தப் பைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்தப் பைகளில் இருந்த தேதியோ 2022 வரை. தேதி தாண்டாத பையிலும் நஞ்சு இருக்கலாம், தேதி தாண்டிய பை நாயை ஒன்றும் செய்யாமலும் போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பேசுவார். நீங்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அதனால் உங்கள் புகாரை 'தேதி முடிந்த தீவனம் விற்றார்' என்று எழுதக் கூடாது. 'தேதியை மறைத்து விற்றார்' என்று எழுத வேண்டும். தேதி முடிந்துவிட்டது, அதனால்தான் இந்த விலை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் சரி என்று வாங்கியிருந்தால் உங்கள் கை மிகவும் தாழ்ந்திருக்கும். அவர் சொல்லவில்லை, ஸ்டிக்கரை ஒட்டினார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழைய சரக்கைப் புதுச் சரக்கு போலக் காட்டி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. சட்டத்தின் 2(47) பிரிவைப் படித்துப் பாருங்கள். விற்ற பொருளுக்கு பில் தராததும் அதே பிரிவில் வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாளுக்குள் கேட்டால் வாங்கியாக வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று போர்டு மாட்டியிருப்பதால் இது இல்லாமல் போகாது. நீங்கள் இன்னும் எழுத்தில் கேட்கவில்லை என்றால் 30 நாள் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அலைய வேண்டாம். 2006ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்றால் மனிதர் உண்பது மட்டும்தான்; கால்நடைத் தீவனத்தை அந்த வரையறையே வெளியே தள்ளிவிடுகிறது. அந்த அதிகாரி உங்கள் மனுவைத் திருப்பிக் கொடுத்தால் அவர் மேல் கோபப்பட முடியாது. நாய் வளர்க்கிற குடும்பங்கள் இவ்வளவு பெருகிய பிறகும் இந்த இடைவெளி அடைபடாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் ஸ்டிக்கர் வேறு ஒரு கதவைத் திறக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் வருட விதிகளின்படி தயாரித்த மாதமும் வருடமும் பையின் மேல் தெரிய வேண்டும். கட்டாயமாகக் காட்ட வேண்டிய விவரத்தை ஸ்டிக்கர் ஒட்டி மாற்றுவதை விதி 6 தடுக்கிறது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். உங்கள் பையில் தயாரித்த மாதத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் படத்தோடு ஒரு மனு கொடுங்கள். அவர்கள் கடையைச் சோதித்து இன்னும் நான்கு பை அதே மாதிரி எடுத்தால் உங்கள் வழக்குக்குப் பெரிய பலம். 'தவறுதலாக ஒட்டிவிட்டது' என்ற சாக்கு அதற்குப் பிறகு எடுபடாது. போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்றால் கொடுக்கலாம். ஆனால் 2,100 ரூபாய் விஷயத்தில் ஸ்டேஷனுக்கு நடக்கிற நடையை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நடந்தால் பலன் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

இனி கஷ்டமான பகுதி. பையின் விலையைத் திரும்பப் பெறுவதற்கு ஸ்டிக்கரும் தேதியும் போதும். 11,400 ரூபாய் மருத்துவச் செலவைப் பெற, மணியின் ஈரல் கெட்டது இந்தத் தீவனத்தால்தான் என்று காட்ட வேண்டும். நம் ஊரில் நாய்க்கு மஞ்சள் காமாலை என்றதும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும்தான் முதலில் நினைவுக்கு வரும். எதிர்த்தரப்பும் அதையே கேட்கும். உங்கள் டாக்டர் அவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாரா? செய்து இல்லை என்று வந்திருந்தால் அந்த அறிக்கை தங்கம். மணியின் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள். 'தீவனத்தால்தான் வந்தது' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும்படி டாக்டரை நெருக்காதீர்கள். அப்படி எழுதிய சான்றிதழ் குறுக்கு விசாரணையில் நொறுங்கிவிடும். என்று கொண்டுவந்தீர்கள், என்ன அறிகுறி, ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ரத்தத்தில் எவ்வளவு, எந்த நோய்கள் இல்லை என்று பார்த்தார், தீவனத்தை நிறுத்திய பிறகு எப்படித் தேறினான் என்பதை அவர் வரிசையாக எழுதினாலே போதும்.

தீவனத்தைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்தைச் சோதிக்கக் கொடுப்பது அங்கேதான். அஃப்ளாடாக்சின் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் முழுப் பையையும் அனுப்பிவிடாதீர்கள். நுகர்வோர் சட்டம் 38ஆவது பிரிவின்படி ஆணையமே மாதிரி எடுத்து முத்திரையிட்டுச் சோதனைக்கு அனுப்பும், அந்த அறிக்கைக்குத்தான் மதிப்பு அதிகம். அதற்குப் போதிய தீவனம் மிச்சமிருக்க வேண்டும். உங்களுக்காக முன்கூட்டிப் பார்க்க விரும்பினால், சாட்சிகள் முன்னிலையில் பையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்துக் கலந்து ஒரு கிலோ மட்டும் அனுப்புங்கள். பூஞ்சை நஞ்சு பை முழுக்க ஒரே அளவாக இருக்காது, ஒரு மூலையில் மட்டும் திரண்டிருக்கலாம். இன்னொன்று: பிரித்த பையை அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ஈரமான பின்கட்டில் வாய் திறந்து கிடந்தது என்றால் பழி உங்கள் பக்கம் திரும்பும். உண்மையை உங்கள் வக்கீலிடமாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டத்தின் கண்ணில் மணி ஒரு சொத்து. கேட்க மனது கஷ்டப்படும், எனக்கும்தான். ஆனால் பொருள் பொறுப்புக்கு, அதாவது குறையுள்ள பொருளால் வந்த கேட்டுக்கு ஈடு கேட்பதற்கு, நுகர்வோர் சட்டம் தரும் 'கேடு' என்ற வரையறைக்குள் சொத்துக்கு வந்த சேதமும் அதனால் வந்த மன உளைச்சலும் அடங்கும். அதனால் மருத்துவச் செலவும், நான்கு நாள் டிரிப்ஸ் பாட்டில் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்த வேதனையும் கோரிக்கையில் இடம் பெறலாம். தயாரிப்பாளர் இல்லையே, வெறும் விற்பனையாளர்தானே என்று கடைக்காரர் தப்ப முடியாது. பொருளை மாற்றியோ, சரியாகப் பார்த்துப் பராமரிக்காமலோ விற்றவரையும் 86ஆவது பிரிவு பிடிக்கிறது.

தயாரிப்பு நிறுவனத்துக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பையில் வாடிக்கையாளர் சேவை முகவரி இருக்கும். இந்த பேட்ச் எண்ணுக்குத் தயாரிப்புத் தேதி என்ன, பெஸ்ட் பிஃபோர் என்ன என்று மட்டும் கேளுங்கள், குற்றம் சாட்ட வேண்டாம். தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் பெரும்பாலும் உடனே பதில் தருவார்கள், அந்தப் பதில் கடைக்காரருக்கு எதிரான சாட்சி. வழக்கில் அவர்களை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். பணிந்து வரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் சமரசத்துக்கு முயன்று பார்ப்பதிலும் தவறில்லை. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. தீவனத்துக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, நாளாக நாளாக அது மேலும் கெடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேல் ஆகும். கோரிக்கையில் பத்து லட்சம் என்று போடாதீர்கள். விலை, மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. கணக்குக் காட்டக்கூடிய தொகைக்குத்தான் ஆணையம் காது கொடுக்கும்.

தெரு நாய்க்குப் போடச் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டது என்று தெரிந்தே ஒரு விலங்குக்குத் தீங்கான பொருளைக் கொடுப்பது 1960ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஒதுக்கிய இடங்களில் மட்டும் தெரு நாய்களுக்கு உணவு வைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்கு மேல். ஆனால் இதெல்லாம் இல்லாவிட்டாலும் போடாதீர்கள். மணிக்கு நான்கு நாள் டிரிப்ஸ் போட நீங்கள் இருந்தீர்கள். தெருமுனையில் படுத்திருக்கும் நாய்க்கு யார் இருக்கிறார்கள்?

மணிக்கு ரத்தம் மறுபடி எப்போது எடுக்க டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த அறிக்கை வந்ததும் ஒரு நகல் எடுத்து முதல் அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மனுவில் எழுத வேண்டும்.